சோல் மாத்த யார்கிட்ட கொடுக்கிறது?

1409ஆம் வருஷம், லண்டன். நகர நிர்வாகத்துக்கு முன்னால ஒரு பஞ்சாயத்து வந்து நிக்குது. ஒரு பக்கம் கார்ட்வெய்னர்கள், இன்னொரு பக்கம் காப்ளர்கள். ரெண்டு தரப்புமே தோலை அறுத்து, ஊசி நூல் கோத்து, காலணி தைச்சுப் பிழைக்கிறவங்கதான். சண்டை எதுக்குன்னா, தேய்ஞ்சுபோன ஷூவுக்கு முழுசா சோல் மாத்துற வேலை யாருக்குச் சொந்தம்?

இந்த எபிசோடுக்கு இந்த இடத்தைத் தொடக்கமா எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "நல்ல லெதர் ஷூ, பத்தாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்கினது. நாலு வருஷம் ஆச்சு. மேல் தோல் இன்னும் அப்படியே இருக்கு, சோல் மட்டும் தேய்ஞ்சுபோச்சு. நம்பிக் கொடுக்கிற மாதிரி ஆள் யாராவது இருக்காங்களா?" கூகுள் மேப்ல தேடிக் கிடைக்கிற பதில் இல்ல இது. அறுநூறு வருஷத்துக்கு மேல பழைய கேள்வி. அதுக்குள்ள தொழில்நுட்பம் இருக்கு, காசு இருக்கு. நம்ம ஊருக்கு வந்தா சாதியும் இருக்கு.

முதல்ல லண்டன். கார்ட்வெய்னர்ங்கிற பேரு ஸ்பெயின்ல இருக்கிற கோர்டோபா நகரத்துல இருந்து வந்தது. அந்த ஊர்த் தோல் அவ்வளவு பிரசித்தம். கார்ட்வெய்னர்னா புதுத் தோல்ல புதுச் செருப்பு செய்றவர். காப்ளர்னா பழசை ஒட்டுப்போட்டுச் சரிபண்றவர். வேலையையும் அந்தக் கணக்குலதான் பிரிச்சாங்க. சின்ன ஒட்டுவேலை காப்ளருக்கு. முழு சோலையும் மாத்தணும்னா அது கார்ட்வெய்னருக்கு. சுருக்கமா, செஞ்சவன்தான் திறக்கணும். தொழில் போட்டியில பெரிய கை ஜெயிச்ச கதைன்னு இதைச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனா அதுக்குள்ள ஒரு நியாயமான பயமும் இருந்ததுன்னு நான் நினைக்கிறேன். ஷூவோட வேலைப்பாடு எல்லாமே உள்ளே ஒளிஞ்சிருக்கு. மூடி ஒட்டிட்டா உள்ள நல்ல தோல் வச்சாரா, மக்கின தோல் வச்சாரான்னு வாங்கிட்டுப் போறவருக்குத் தெரியாது. மூணு மாசம் கழிச்சு மழையிலதான் தெரியும்.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஷூவை டர்ன்ஷூன்னு சொல்வாங்க. உள்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி வச்சுத் தைச்சு, அப்புறம் தலையணை உறையைத் திருப்புற மாதிரி திருப்பிடுவாங்க. தையல் உள்ள போயிடும். அழகா இருக்கும், லேசா இருக்கும், ஆனா சோல் ஒரே அடுக்கு. அது தேய்ஞ்சா, தேய்ஞ்ச இடத்துக்கு மேல இன்னொரு துண்டு வச்சுத் தைக்கிறதுதான் வழி. தேம்ஸ் ஆத்தங்கரைச் சேத்துல தோண்டி எடுத்த இடைக்காலச் செருப்புகள்ல அந்த ஒட்டுகளை இன்னிக்கும் பார்க்கலாம்.

1500 வாக்குல ஒரு பெரிய மாற்றம் வருது. வெல்ட். இந்த ஒரு வார்த்தை புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சிரும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஷூவோட மேல் தோலையும், நம்ம பாதம் படுற உள் சோலையும் சேர்த்து, சுத்திவர ஒரு மெல்லிய தோல் பட்டையோட தைக்கணும். வேட்டிக்குக் கரை மாதிரி அந்தப் பட்டை வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அதான் வெல்ட். தரையில படுற வெளி சோலை அந்தக் கரையோட மட்டும், தனியா இன்னொரு தையல் போட்டுச் சேர்ப்பாங்க. ஆக, ரெண்டு தையல். முதல் தையல் ஷூவோட உயிர். ரெண்டாவது தையல் வெறும் இணைப்பு. சோல் தேய்ஞ்சா ரெண்டாவதை அறுத்து, பழசை எடுத்துட்டு, புதுசை வச்சு மறுபடி தைக்கலாம். முதல் தையலைத் தொடவே வேணாம். 1545ல மூழ்கின மேரி ரோஸ்ங்கிற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982ல தூக்கினப்ப, அதுல இருந்த மாலுமிகளோட காலணிகள்ல டர்ன்ஷூவும் இருந்தது, வெல்ட் வச்சதும் இருந்தது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, வெல்ட் வச்சுத் தைக்கிறவர், ஷூவை ஒரு நாள் வேற ஒருத்தர் திறப்பார்னு எதிர்பார்த்துத் தைக்கிறார். தன் வேலையைப் பின்னாடி வர்ற ஒரு முகம் தெரியாத ஆளுக்குத் திறந்து வைக்கிறார்.

அடுத்த முன்னூத்தம்பது வருஷத்துக்கு எல்லாம் கைவேலைதான். அப்புறம் மெஷின் வருது, அமெரிக்காவுல. லைமன் பிளேக் 1858ல ஒரு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது உள் சோல்ல இருந்து வெளி சோல் வரைக்கும் நேரா ஒரே குத்து. வெல்ட்டே வேணாம். அதை கார்டன் மெக்கேங்கிறவர் வாங்கி, உள்நாட்டுப் போர் நேரத்துல பெரிய வியாபாரமா ஆக்கினார். மெஷினை விக்கல, வாடகைக்கு விட்டார். தைக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் காசு. இன்னிக்கு நாம சப்ஸ்கிரிப்ஷன்னு சொல்ற சமாசாரம்தான்.

கையால செஞ்ச வெல்ட்டை மெஷின்ல கொண்டுவந்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். 1860கள், 70கள்ல நடந்தது. ரப்பரை வல்கனைஸ் பண்ணக் கண்டுபிடிச்ச சார்லஸ் குட்இயரோட மகன். டயர் கம்பெனிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்ல. அது 1898ல வேற ஆட்கள் தொடங்கி, அப்பாவோட ஞாபகார்த்தமா பேரு வச்சது. நல்ல ஷூ விக்கிற கடையில 'குட்இயர் வெல்டட்'னு போட்டிருந்தா, மகன் கொண்டுவந்த முறையைத்தான் சொல்றாங்க.

மேல் தோலைக் கட்டையில இழுத்துப் படிய வைக்கிற வேலை ஒண்ணு பாக்கி இருந்தது. கட்டைன்னா பாதம் மாதிரியே செதுக்கின அச்சு, லாஸ்ட்னு சொல்வாங்க. மெஷினால முடியவே முடியாதுன்னு எல்லாரும் நம்பின வேலை அது. சூரினாம்ல பிறந்து மாசசூசெட்ஸ்ல இருக்கிற லின் நகரத்துக்கு வந்த யான் மாட்சலிகர்ங்கிற கறுப்பினத் தொழிலாளி 1883ல அதுக்கும் மெஷின் செஞ்சுட்டார். 36 வயசுல காசநோயில இறந்துபோனார். அவரைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம்.

1899ல இந்த மெஷின் கம்பெனிகள் பல ஒண்ணா சேர்ந்து யுனைடெட் ஷூ மெஷினரின்னு ஒரு ராட்சசக் கம்பெனி ஆச்சு. அதுவும் முக்கியமான மெஷின்களை விக்காம லீஸுக்குத்தான் விட்டது. 1953ல அமெரிக்க நீதிமன்றம் அதை ஏகபோகம்னு தீர்ப்பு சொல்ற வரைக்கும் இந்தக் கதை ஓடுச்சு. ஷூ செய்ற அறிவு கையில இருந்து மெஷினுக்குப் போச்சு, மெஷின் யார்கிட்ட இருந்ததோ அவங்ககிட்டயே தங்கிடுச்சு. தெருமுனையில கடை வச்சவர் குத்தூசியோட நின்னுட்டார்.

அப்புறம் பசை வந்தது. 1930கள்ல இருந்து சோலைத் தைக்காம ஒட்டுற முறை பரவுச்சு. விலை குறைவு, எடை குறைவு, வேகம் அதிகம். அதுக்கும் பின்னாடி பாலியூரித்தேன் சோல். நீங்க ஒரு ஷூவை ரெண்டு வருஷம் பரண்ல போட்டு வச்சு, ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு, மண்டப வாசல்ல சோல் பொடிப்பொடியா உதிர்ந்த அனுபவம் இருக்கா? அது அந்த சோலோட குணம். காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பொருளை மெதுவா உடைக்குது. சென்னை மாதிரி ஊர்ல கேட்கவே வேணாம். போடாம வச்சிருந்தாலும் கெட்டுப்போகும். எந்த காப்ளரைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல, அந்த ஷூ திறக்கிறதுக்காகச் செஞ்சதே இல்ல.

இங்கிலாந்துல நார்தாம்ப்டன் பகுதியில இன்னும் வெல்ட் ஷூ செய்ற பழைய கம்பெனிகள் இருக்கு. ட்ரிக்கர்ஸ் 1829ல தொடங்கினது, க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879. உங்க ஷூவை அவங்ககிட்டயே திருப்பி அனுப்பினா சோல் மாத்தித் தருவாங்க. 1409ல கார்ட்வெய்னர் கேட்டதும் இதைத்தானே.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். வலிஞ்சு கொண்டுவர்ற தொடர்பு இல்ல இது. 19ஆம் நூற்றாண்டுல பெரியமேடு தோல் வியாபாரத்தோட மையம். ஆவாரம்பட்டையில பதப்படுத்தி, கடுக்காய் போட்டு முடிச்ச தோல் இங்க இருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறுச்சு. 'ஈஸ்ட் இந்தியா டேன்டு'ன்னு சந்தையில அதுக்குத் தனிப் பேரே இருந்தது. முதல் உலகப் போர் வந்தப்ப பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸோட மேல் தோலுக்கு இந்த மாட்டுத்தோல் தேவைப்பட்டது. அரசாங்கமே கொள்முதலைக் கையில எடுத்துக்கிச்சு. பிரான்ஸ் சேத்துல நடந்த எத்தனையோ கால்கள் மேல மெட்ராஸ் மாகாணத்துத் தோல் இருந்தது.

குரோம்பேட்டைங்கிற பேரும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல ஆல்ஃப்ரட் சாட்டர்டன்ங்கிற பொறியியல் பேராசிரியர் இங்க குரோம் முறையில தோல் பதப்படுத்தச் சோதனை பண்ணினார். அவர் கண்ணுல இருந்தது ஷூ மட்டும் இல்ல. கிணத்துல இருந்து மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலைக்கான தோல் சால் சீக்கிரம் அழுகாம இருக்கணும்ங்கிறது பெரிய நோக்கம். அதுக்கப்புறம் சேம்பர்ஸ் குடும்பத்தோட குரோம் லெதர் கம்பெனி வந்தது, அதால ஊருக்கே பேர் வந்தது. இன்னிக்கு மெட்ரோவுக்காகக் காத்திருக்கிற ஊர், ஒரு தோல் பதனிடும் ரசாயனத்தோட பேரைச் சுமந்துக்கிட்டு இருக்கு. 1948ல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறு பக்கத்துல வந்தது. 1970கள்ல அரைகுறையா பதப்படுத்தின தோலை அனுப்புறதுக்கு அரசு கட்டுப்பாடு போட்டுச்சு. தோலா அனுப்பாதே, பொருளா செஞ்சு அனுப்புன்னு அர்த்தம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு பாலாத்தங்கரை ஊர்கள்ல ஷூ ஃபேக்டரிகள் பெருகுச்சு. உலகத்துப் பெரிய பிராண்டுகளுக்கு அங்க ஷூ செய்றாங்க, குட்இயர் வெல்ட் உட்பட.

அப்ப கேள்வி இன்னும் கூர்மையாகுது. சென்னையில இருந்து ரயில்ல மூணு மணி நேரத்துக்குள்ள இருக்கிற ஊர்ல, வெல்ட் தைக்கத் தெரிஞ்ச கைகள் இருக்கு. ஆனா சென்னையில அந்த ஷூவைத் திறந்து மூடத் தெரிஞ்ச ஒரு கடையைத் தேடி அலையுறோம். ஏன்?

பாதிப் பதில் சாதாரணமானது. அந்த ஃபேக்டரிகள் ஏற்றுமதிக்கு. நம்ம ஊர்ல வெல்ட் ஷூ போடுறவங்க ரொம்பக் கம்மி, அதனால மெஷின் வாங்கிப் போட்டுக் கடை நடத்துற அளவுக்கு வேலை வராது. செருப்பு ஊர் இது, வெயில் ஊர்.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். புறநானூத்துல 82ஆவது பாட்டு ஒண்ணு இருக்கு, சாத்தந்தையார் பாடினது. ஒரு தலைவனோட போர் எவ்வளவு வேகம்னு சொல்ல வர்றார். அதுக்கு அவர் எடுக்கிற உவமை, கட்டில் பின்னுற ஒரு தோல் தொழிலாளி. ஊர்ல திருவிழா தொடங்கிடுச்சு, வீட்டுல மனைவிக்குப் பிரசவ வலி, மழை வேற, பொழுது சாயுது. முடிச்சுட்டு ஓடணும். அந்தக் கையில தோல் வாரைக் கோத்து இழுக்குற ஊசி எவ்வளவு வேகமாப் போகும், அதை விட வேகம்ங்கிறார். ஒரு வீரனோட வேகத்துக்கு அளவுகோல் அந்தக் கை. ஆனா அதே பாட்டுல அந்த ஆளுக்குக் கொடுத்திருக்கிற பேரு 'இழிசினன்'. கையைப் பார்த்து வியந்துட்டு, ஆளை இழிவா கூப்பிடுறது. இதுக்கு அப்புறம் வந்த நூற்றாண்டுகள்ல நாம என்ன பண்ணினோம்ங்கிறது உங்களுக்குத் தெரியும். தோல் வேலை செஞ்ச அருந்ததியர் உள்ளிட்ட சமூகங்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டாங்க. செத்த மாட்டைத் தூக்கணும், தோல் உரிக்கணும், செருப்பு தைச்சுக் கொடுக்கணும். ஆனா தான் தைச்ச செருப்பைப் போட்டுக்கிட்டு ஊர்த்தெரு வழியா நடக்கக் கூடாதுன்னு எத்தனை ஊர்ல விதி இருந்தது.

லண்டன் காப்ளர் 1409ல தோத்தார், சரி. ஆனா பாருங்க, அவர் பேச ஒரு சபை இருந்தது. கூட்டமா போய் நின்னு வாதாட முடிஞ்சது. அந்த முடிவுல அவருக்குன்னு ஒரு பங்கு வேலை எழுதிக் கொடுத்தாங்க. இங்க அந்தச் சபையே இல்ல. தொழிலைக் கத்துக்கிட்டுக் கடை வச்சு, பெயர்ப்பலகை மாட்டி, மகளுக்கோ மகனுக்கோ பெருமையா ஒப்படைக்கிற தொழிலா அதை வளர விடல. படிச்சு வெளியே போனவங்க அந்தத் தொழிலை விட்டுத்தான் போனாங்க. போகாம என்ன பண்ணுவாங்க? அவங்க போனதால நமக்கு நல்ல காப்ளர் கிடைக்கலன்னு யாராவது வருத்தப்பட்டா, எனக்கு அந்த வருத்தத்துல பங்கு இல்ல.

இப்ப பிளாட்பாரத்துல குடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கிற அண்ணன்கிட்ட வாங்க. 'நம்பகமானவரா'ன்னு கேட்கிறோமே, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு கேள்வி: அடுத்த வாரம் அவர் அங்க இருப்பாரா? ஷூவைக் கொடுத்துட்டுப் போறோம், திரும்பி வந்தா அந்த இடத்துல மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியிருக்காங்க, இல்ல மெட்ரோவுக்குத் தகரம் அடிச்சிருக்காங்க. அவர் ஏமாத்தல. அவரைக் கிளப்பிட்டாங்க. 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விக்கிறவங்களை மட்டும் இல்ல, தெருவுல சேவை செய்றவங்களையும் சேர்த்துத்தான் பாதுகாக்குது. கணக்கெடுக்கணும், சான்றிதழ் கொடுக்கணும், அது முடியிற வரைக்கும் கிளப்பக் கூடாது. செருப்பு தைக்கிறவர் அதுக்குள்ள வர்றார். சட்டம் இருக்கு, குடை மட்டும் வருஷா வருஷம் வேற வேற மரத்துக்குக் கீழ நகருது. நம்பிக்கைக்கு முதல்ல ஒரு முகவரி வேணும்.

கேட்டவங்களுக்கு நேரடியான பதிலும் சொல்லணும். முதல்ல உங்க ஷூ எந்த ஜாதி... மன்னிக்கணும், எந்த ரகம்னு பாருங்க. ஓரத்துல தையல் தெரிஞ்சா உடனே வெல்ட்னு நம்பாதீங்க. ஒட்டின ஷூமேல அழகுக்காகத் தையல் போட்ட பட்டையை ஒட்டி விக்கிறதும் உண்டு. உள்ள போட்டிருக்கிற மெல்லிய அட்டையைத் தூக்கிப் பாருங்க. சுத்திவரத் தையல் ஓடினா அது பிளேக் முறை, அதுக்குன்னு தனி மெஷின் வேணும். உள்ள தையலே இல்லாம, வெளியே இருக்கிற தையல் சோலுக்கு அடியிலயும் தொடர்ந்தா அநேகமா வெல்ட். சில சமயம் அடித் தையலைக் கீறலுக்குள்ள மறைச்சிருப்பாங்க, அதனால வாங்கின கடையிலயும் ஒரு தடவை கேட்டுக்கோங்க. எங்கயும் நிஜத் தையல் இல்லைன்னா ஒட்டினது. அதையும் மறுபடி ஒட்டலாம், ஆனா அதுக்கு ஆயுசு பசையைப் பொறுத்தது.

எங்க கொடுக்கிறதுங்கிறதுல நான் கிட்டத்தட்ட அந்தப் பழைய லண்டன் பிரிவினை பக்கம்தான். காரணம் மட்டும் வேற. ஹீல்ல ரப்பர் மாத்த, பிரிஞ்ச தையலை இழுக்க, சோல் மேல மெல்லிய ரப்பர் ஒட்ட, தெருமுனை அண்ணனை விட நல்ல கை கிடைக்காது. பேரம் பேசாதீங்க. முழு வெளி சோலையும் அறுத்து மாத்துறதுக்குக் கட்டை வேணும், சோல் தைக்கிற மெஷின் வேணும், அது இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். செஞ்ச கம்பெனி வாங்கிக்கிட்டா அவங்க. இல்லைன்னா பெரியமேடு பக்கம் ஆர்டருக்கு ஷூ செய்றவங்ககிட்ட விசாரிங்க. புதுசா செய்யத் தெரிஞ்சவருக்குத் திறக்கவும் தெரியும். போனதும் விலையைக் கேட்காம, பாதி வேலையில இருக்கிற ஷூ ஏதாவது இருந்தா காட்டச் சொல்லுங்க. உள் சோலுக்கும் வெளி சோலுக்கும் நடுவுல இருக்கிற கார்க்கை மாத்துவாரா, வெல்ட்ல தைப்பாரா, இல்ல வெறும் சொல்யூஷன் போட்டு அழுத்துவாரான்னு கேளுங்க. நல்ல தொழிலாளிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், நின்னு காட்டுவார்.

சோல்ல ஓட்டை விழுற வரைக்கும் காத்திருக்க வேணாம். நடுப்பகுதியைக் கட்டைவிரலால அழுத்தினா அமுங்குதுன்னா அதுதான் நேரம். அதுக்கு மேல போனா கார்க்கும் உள் சோலும் சேர்ந்து போயிடும், அப்புறம் சரிபண்றது ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, அக்டோபர் மழைக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. ஈரம் ஏறின தோல்ல பசை பிடிக்காது. ரெண்டு மூணு நாள் நிழல்ல காய வச்சு எடுத்துட்டுப் போங்க, வெயில்ல வேணாம், தோல் வெடிச்சுரும்.